ஆஞ்சான் பிடித்த நண்டு

கடற்கரையில் மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் ஒரே பேச்சு, ஒரே அடுப்பு என்று இருந்த காலத்தில், நண்டு நம்மைப் போலவே நேராக நடந்தது. நேராக என்றால் சும்மா நேராக இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எதிரே வருகிறவர்தான் ஒதுங்கிப் போகவேண்டும் என்பது போன்ற நடை. அதற்கு வளையும் கிடையாது, வீடும் கிடையாது. எந்த வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறதோ அந்த வீடு அதன் வீடு.

அவ்வளவு மிடுக்குக்குக் காரணம் அது செய்த வேலை. தலைமை மாலுமியான கொம்பையா தண்டல் ஓட்டிய தோணியில் அது ஆஞ்சான் பிடித்தது. பாயைத் தூக்கி நிறுத்துகிற கயிறுதான் ஆஞ்சான். பாய்மரத்தின் உச்சியில் ஒரு துளை, அதன் வழியாகக் கயிறு ஏறி இறங்கும். கீழே மரத்தின் அடியில் ஒரு முளை இருக்கும், கயிற்றின் நுனியை அதில் கட்டவேண்டும். காற்று கெட்டுப்போனால் தண்டல் ஒரு குரல் கொடுப்பார். அந்த நொடியில் கயிற்றை விட்டாகவேண்டும். விட்டால் பாய் பொத்தென்று இறங்கிவிடும், தோணி பிழைக்கும். அதனால் ஆஞ்சானை எப்போதும் உருவுமுடிச்சாகத்தான் போடுவார்கள். ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஆனால் அது தானாகவும் நழுவக்கூடிய முடிச்சு. பாய் ஏறியிருக்கிற வரைக்கும் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து உச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நண்டின் கண்கள் மேலே நீண்டது இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் என்று சொல்வார்கள்.

அந்தத் தோணிக்குக் கயிறு முழுவதும் திரித்துக் கொடுத்தவள் முப்பிடாதி. தேங்காய் நார்க் கயிறு. அவள் திரித்த கயிற்றில் கைவிரலை ஓட்டினால் எங்கேயும் தடுக்காது என்று ஊரே சொல்லும். அவள் புருஷன் கருத்தையா அதே தோணியில் பாய் வேலை பார்த்தான். நண்டு பெரும்பாலும் சாப்பிட்டது இவர்கள் வீட்டில்தான். அவனை அண்ணாச்சி என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடும். குழம்புச் சட்டியில் மீன் தலை கிடந்தால் அது நண்டுக்கு என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஒரு தடவை இலங்கையிலிருந்து பாக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். நல்ல காற்று, பாய் வயிறு புடைத்து நிற்கிறது. தோணியின் முன்பக்கம், அணியத்தில், சமையல்காரன் சட்டியை இறக்கினான். வாசனை நேராக நண்டின் மூக்கில் ஏறியது. சாப்பாடு முறை வைத்துத்தான், நண்டுக்குக் கடைசி முறை. அதுவரை மீன் தலை மிஞ்சுமா? கொஞ்சம் பொறு, நான் சாப்பிட்டுவிட்டு வந்து கயிற்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கருத்தையா அதனிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நண்டுக்குப் பொறுக்கவில்லை. உருவுமுடிச்சை விட்டுவிட்டுப் போனால் நழுவிவிடும், பாய் விழும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அது ஒரு காரியம் செய்தது. கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கடுமுடிச்சாகப் போட்டு, இரண்டு கொடுக்காலும் இறுக்கிவிட்டுச் சட்டிப் பக்கம் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அலைத் திவலை அடித்து முடிச்சு நனைந்துகொண்டே இருந்தது. நனைந்த நார்க்கயிறு ஊதும், ஊதினால் முடிச்சு கல்லாகிவிடும். இது நண்டுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

தலையைப் பாதி தின்றிருக்கும், வடமேற்கே ஒரு கறுப்பு மேகம் எழுந்தது. எழுந்ததும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அதோடு வந்த காற்றில் தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“ஆஞ்சானை விடுல” என்றார் தண்டல்.

நண்டு ஓடியது. முடிச்சை நெம்பிப் பார்த்தது, பிடித்து இழுத்துப் பார்த்தது. அசையவில்லை. பாய்மரம் முனகத் தொடங்கிவிட்டது. கருத்தையா மரத்தடிக்கு ஓடிவந்து விழுகிற பாயை அள்ளுவதற்குக் கையை விரித்து நின்றான். பாய் விழும் என்று அவன் நம்பினான்.

நண்டின் கொடுக்குக்கு அந்தக் கயிறு ஒரு கடி. ஒரே கடியில் துண்டித்திருக்கலாம். ஆனால் ஆஞ்சானை ஏன் வெட்டினாய் என்று கேட்பார்களே, கடுமுடிச்சைக் காண்பார்களே என்று அதன் மனது ஒரு நொடி தயங்கியது. இன்னும் ஒரு தடவை நெம்பிப் பார்ப்போம் என்று நெம்பியது. அந்த நொடிதான் போனது. பாய்மரம் அடியோடு முறிந்து, பாயும் கயிறுமாகக் கருத்தையாவை அள்ளிக்கொண்டு கடலில் விழுந்தது.

முறிந்த மரம் கயிறுகளில் தொங்கிக்கொண்டு தோணியின் விலாவில் மோதியது. இரண்டு பேர் குதித்துப் பாய்க்கு அடியில் தேடினார்கள். கருத்தையா கிடைக்கவில்லை. மரத்தை அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் போவோம் என்று கடைசியில் தண்டல் அழுதுகொண்டே சொன்னார். முதலில் போய் அறுத்தது நண்டு. முளையோடும் முடிச்சோடும் மரம் மிதந்து போவதைப் பார்த்தபோது அதற்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அது பிற்பாடு எத்தனையோ நாள் கூசியது.

துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். கரையில் எல்லாரும் கூடிநிற்க, ஏன் பாய் இறங்கவில்லை என்று தண்டல் கேட்டார்.

“நான் விட்டுட்டேன் தண்டலே. கயித்துல எங்கயோ தடிச்சு முண்டு இருந்திருக்கும் போல. மேல துளையில சிக்கிக்கிட்டு” என்றது நண்டு.

முப்பிடாதி அங்கேதான் நின்றாள். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் கயிறு வாங்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களும் சுருள் சுருளாகத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். கருத்தையாவின் தாய் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். முப்பிடாதி அந்தத் தடவை திரித்ததில் மிச்சம் இருந்த கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் விரலை ஓட்டிப் பார்ப்பாள். முண்டு எங்கே இருந்திருக்கும், எந்த நாரைச் சரியாகத் தட்டாமல் விட்டேன் என்று தேடுவாள். நண்டுக்கு மட்டும் சோறு குறையவில்லை. அவளே கூப்பிட்டு, கருத்தையாவின் தட்டிலேயே போட்டு, மீன் தலையையும் வைப்பாள். கடைசியாக அவர் பக்கத்தில் நின்றது நீதானே என்பாள். நண்டு தலையைக் குனிந்துகொண்டு தின்னும். சொல்லிவிடலாம், சோறு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைக்கும். சோறு முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடும். அந்தத் தலையை அதனால் எப்படித் தின்ன முடிந்தது என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. தின்றது, அவ்வளவுதான்.

தோணிக்குப் புதுப் பாய்மரம் வந்தது. மரம் நிறுத்துகிற அன்று கயிறு திரித்தவள்தான் ஆஞ்சானின் நுனியை முதலில் தொட்டுக் கொடுப்பது வழக்கம். தண்டல் வேறு ஊரிலிருந்து கயிறு வாங்கியிருந்தார். முப்பிடாதியை யாரும் அழைக்கவில்லை. அவளாகவே வந்தாள். கூட்டத்துக்கு நடுவே போய், புது மரத்தடியில் நின்ற மாமியாரின் காலில் விழுந்தாள்.

“அத்தை, ஒங்க பிள்ளைய நான்தான் கொன்னுட்டேன். என்ன மன்னிச்சிரணும்” என்றாள்.

கிழவி காலை இழுத்துக்கொண்டாள். நண்டுக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அதற்கு முன்னும் வெட்கம் இருந்தது, அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாட முடிந்தது. செய்யாத கொலைக்கு ஒருத்தி மண்ணில் கிடப்பதைக் கண்ட பிறகு முடியவில்லை. அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அது நேராக நடந்த கடைசி நடை அதுதான்.

“கயித்துல குத்தம் இல்ல. நான் கடுமுடிச்சு போட்டேன். மீன் தலைக்காகப் போட்டுட்டுப் போனேன்” என்றது, தரையைப் பார்த்துக்கொண்டு.

தண்டல் கையிலிருந்த துடுப்பை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே போட்டுவிட்டார். கிழவி குனிந்து மருமகளை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியவள் விடவேயில்லை, கட்டிக்கொண்டு அழுதாள். முப்பிடாதி மெல்ல விலகி நண்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நண்டுத் தம்பி, அதை என் முகத்தைப் பாத்துச் சொல்லு.”

நண்டு நிமிர்ந்தது. கண்கள் அவள் முகத்துக்குப் போகாமல் பாய்மர உச்சிக்குப் போயின. உடம்பைத் திருப்பி நேரே நிறுத்தப் பார்த்தது. உடம்பு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. மதினி என்று சொல்ல வாயைத் திறந்தது. வாயிலிருந்து நுரைதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றது, இன்னும் கொஞ்சம் நுரை வந்தது. பிறகு அது பக்கவாட்டிலேயே ஓடி, ஈர மணலில் இரண்டு கொடுக்காலும் பள்ளம் பறித்து உள்ளே போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் முப்பிடாதி ஒரு தட்டில் சோறு எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் நண்டு இன்னும் ஆழத்துக்குப் போனது. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். தட்டை வளை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சாயங்காலம் தொடங்கியதுதான், நண்டு ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் பக்கவாட்டில் நடப்பதும், வாயைத் திறந்தால் நுரை தள்ளுவதும், மனிதர் காலடி கேட்ட மாத்திரத்தில் வளைக்குள் ஓடி மறைவதும். சோறு கொண்டு வருகிற காலடியானாலும் அது அப்படித்தான் ஓடுகிறது.