வெட்டாமல் விட்ட கீழ் ஓரம்

மலைமேல் ஒரு கன்னியர் மடம். அதன் பின்சரிவு முழுக்க வாட்டில் எனப்படும் சீகை மரங்கள். விறகுக்காக என்றோ கடல்தாண்டிக் கொண்டுவந்து நட்டவை.

"அந்தச் சரிவுல பழைய சோலைக்காடு திரும்பி வரட்டும். அப்புறம் ஆயுசுக்கும் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகலாம்," என்று மடத்தில் சேர வந்த தெக்லாவிடம் மடத்துத் தலைவி மதர் எமல்தா சொல்லியிருந்தார்.

தெக்லா ஆள் வைத்து வெட்டினாள். சருகைக் கொளுத்தினாள். மழை வந்தது. எரிந்த மண்ணில் சீகைக் கன்றுகளே தலைமுடிபோல் அடர்ந்து முளைத்தன.

அவள் பெட்டியோடு மதரிடம் வந்து நின்றாள்.

"தோத்துட்டேன் மதர். ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுடுங்க."

"எதுகிட்ட தோத்தே?"

"அந்த அந்நிய மரத்துகிட்ட."

"உருளைக்கிழங்கும் அந்நியம்தான். மத்தியானம் ரெண்டு தடவை வாங்கினியே."

தெக்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"முழுச் சரிவையும் வெட்டிட்டியா?"

"கீழ் ஓரத்தை விட்டுட்டேன். அங்கே காட்டெருமை கன்னு போட்டிருந்தது. முறைச்சுது. அப்புறம் அந்தப் பக்கமே போகலை. பயம்."

"வா, அங்கேயே போவோம்."

"ஐயோ, மதர்!"

"கன்னு நடக்கப் பழகினதும் அது போயிடுச்சு. உன் பயம்தான் இன்னும் அங்கே மேயுது."

கீழே வயதான சீகைகள் நின்றன. உள்ளே ஈர நிழல். மதர் ஒரு கிளையை விலக்கினார்.

இடுப்பளவு நாவல். அதன் பின்னால் காட்டுச் செண்பகம், தெக்லாவைவிட உயரம். அதற்கும் பின்னால் இன்னும், இன்னும். திரும்பிய பக்கமெல்லாம் சோலைக் கன்றுகள்.

"யார் மதர் இதையெல்லாம் நட்டது?"

மதர் மேலே காட்டினார். சீகைக் கிளையில் உட்கார்ந்திருந்த கொண்டைக்குருவி எச்சமிட்டது.

"அதோ, இப்பவும் நட்டுட்டிருக்கு."

தெக்லா பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் செண்பகத்தைக் கட்டிக்கொண்டு, "அல்லேலூயா!" என்று கத்தினாள். காடு முழுக்கப் பறவைகள் எழும்பின.

"மெதுவா. வேலைக்கு வந்தவங்க ஓடிடப் போறாங்க."

சிரித்துக்கொண்டே திரும்பியவளின் கண்ணில் மேல்சரிவு பட்டது. சிரிப்பு நின்றது.

"அங்கேயும் இதெல்லாம் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."



"இப்ப முளைச்ச சீகையை என்ன செய்யட்டும்?"

"வளரட்டும். நிழல் விழட்டும்."

"அதுக்கு எத்தனை வருஷம் ஆகும் மதர்?"

மதர் கீழே கிடந்த அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு மடத்தைப் பார்த்து ஏறத் தொடங்கினார்.

"வார்த்தைப்பாடு கொடுக்கப்போறவ கேட்கிற கேள்வியா இது?"