பேருந்து நிறுத்தம் வரை போன கணக்கு

குதிரைக்கல் குன்றின் மேல் கணினி மொழிகள் செய்யக் கற்றுத்தரும் மடம் ஒன்று இருந்தது. குரு யாழரசிக்கு வயது முப்பத்துநான்கு. சீடர் திருமேனிநாதருக்கு அறுபத்தாறு. கணித வாத்தியாராக ஓய்வு பெற்றவர், தோற்றுப் பழக்கமில்லாதவர்.

மூன்று வருடமாக அவர் ஒரு மொழி செய்தார். எண்ணே வேண்டாம், x, y என்று எழுத்துகளை வைத்தே இயற்கணிதம் போடும். மடத்துப் பரிசோதகர்கள் அதற்கு ஒரே ஒரு தொகையீட்டுக் கணக்கு, அதாவது இன்டக்ரல், கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் நண்பகலுக்குள் அது வாய்திறக்காவிட்டால் மொழி தள்ளுபடி.

பதினெட்டு நாளாகக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வரியில் தொடங்கியது வளர்ந்து வளர்ந்து, அச்சிட்ட காகிதம் குன்றிறங்கிப் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டது. கணினி விசிறியின் காற்றிலேயே மடத்துத் துணியெல்லாம் காய்ந்தது.

சீடர் குருவிடம் ஓடினார்.

"எங்கே ஐயா நிற்கிறது?" என்றாள் யாழரசி.

"நிற்கவில்லையே, அதுதானே தொல்லை! தொள்ளாயிரம் விதி கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி முதல் விதிக்கு வந்துவிடுகிறது, சனியன்."

"முடியாவிட்டால் கேட்ட கணக்கை அப்படியே திருப்பிக் கொடு என்று ஒரு வரி எழுதச் சொன்னேனே?"

"எடுத்துவிட்டேன்."

"எதற்கு?"

"கேள்வியையே பதிலாக எழுதிய பயல்களை முப்பது வருடம் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். என் மொழி அதைச் செய்யுமா அம்மா?"

யாழரசி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மணி பதினொன்றரை," என்றார் அவர். "எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எந்தக் கணக்குக்கும் விடை தருகிற மொழியை எப்படிச் செய்வது?"

"எந்தக் கணக்குக்கும் விடை தருகிற மொழியை எப்படிச் செய்வது?" என்றாள் யாழரசி.

"அதைத்தான் நான் கேட்டேன்!"

"ஆமாம்."

"என்ன ஆமாம்? தலை போகிற நேரத்தில் கேலியா? கேட்டதையே திருப்பிச் சொல்வதற்கு ஒரு குரு வேண்டுமா?"

"கோபப்படாதீர்கள் ஐயா. எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததை உளறியிருக்கலாம். உங்கள் மொழியைப் போலப் பதினெட்டு நாள் பேசியும் இருக்கலாம். உங்கள் கேள்வியை ஒரு சொல்கூடக் கெடாமல் உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் அதை வேறு யாரிடம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்."