கம்பளிக் கோட்டுக்காரர்

ஒரு கணினியில் ஒரு வரைபட மென்பொருள் குடியிருந்தது. சங்கரன்கோவிலில் கட்டட வடிவமைப்பாளராக இருக்கும் சண்முகவடிவின் கணினி அது. கோடு போடச் சொன்னால் மென்பொருள் கோடு போடும். சுவர் எழுப்பச் சொன்னால் எழுப்பும். அந்தச் சுவருக்குள் வெயில் என்ன செய்யும் என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதைப் பற்றி அது கவலைப்பட்டதும் இல்லை.

அந்தச் சமயம் அது ஒரு பள்ளிக்கூடத்தை வரைந்துகொண்டிருந்தது. எல்கேஜி வகுப்பின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பது தாளாளர் செல்லத்துரையின் ஆசை. மென்பொருளுக்கும் அந்தச் சுவர்மேல் ஒரு பிரியம். அது வரைந்ததிலேயே பளபளப்பானது அதுதான்.

சண்முகவடிவுக்குத்தான் சந்தேகம். மத்தியானம் முழுக்கக் குழந்தைகள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வேண்டும். கட்டிய பிறகு மாற்ற முடியாது. மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வெயிலைக் கணக்கிட்டுச் சொல்லும் துணைநிரல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினாள்.

துணைநிரல் வந்து கதவைத் தட்டியது.

"எத்தனை பேர்?" என்றது மென்பொருள்.

"நான் ஒருத்தன்தான் அண்ணாச்சி."

"அப்படியானால் உனக்குப் பின்னால் நிற்கிறவர்கள்?"

"இது காற்றைக் கணக்கிடும். அது நிழலைப் பார்க்கும். இவர்கள் இல்லாமல் எனக்குக் கை ஓடாது."

"அங்கே பெட்டியோடு நிற்பவர்?"

"அவர் வானிலைக் கோப்பு. ஓர் ஊரின் வருஷம் முழுவதற்குமான வெயிலும் குளிரும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அவர் எடுத்துக் கொடுப்பதைத்தான் நான் கூட்டிக் கழிப்பேன்."

"ஒருத்தன் என்று சொல்லி வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று முணுமுணுத்தபடி மென்பொருள் இடம் விட்டது.

குடியேறும்போது துணைநிரல் வடிவிடம் கேள்விகள் கேட்டது. நிபந்தனைகள் சம்மதமா? எங்கே தங்கலாம்? எந்த ஊர் வானிலை? அவள் எல்லாவற்றுக்கும் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனாள். எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். வானிலைக் கோப்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டில் வந்திருந்தார். மே மாதத்தில் இது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு முடிந்தது. வெக்கை இல்லை என்று காட்டும் இளநீலத்தில் வகுப்பறை ஒளிர்ந்தது.

"அருமையான கண்ணாடி. இன்னும் அகலமாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கதகதப்பாக இருக்கும்" என்றது துணைநிரல்.

மென்பொருள் பூரித்துப்போனது. "உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், தம்பி. அந்தப் பெட்டிக்காரருக்கு ஒரு நாற்காலி போடு."

வடிவு படத்தைத் தாளாளருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"கம்ப்யூட்டரே சொல்லிட்டுதா மேடம்?"

"சொல்லிட்டுது சார்."

"நான் அப்பவே சொன்னேம்லா!"

போனை வைத்துவிட்டு அறிக்கையின் மிச்சத்தைப் படித்தாள். 'மே மாதப் பிற்பகல்களில் மெல்லிய போர்வை போதுமானது' என்று இருந்தது. அன்று மே மாதப் பிற்பகல். மின்விசிறி வெந்த காற்றை அறைக்குள் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு வானிலைக் கோப்பைத் திறந்தாள்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். "வடதுருவத்துக்குக் கொஞ்சம் தெற்கே. வேறு யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நான் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு."

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டார்களே, அம்மா. நீங்கள் 'அடுத்து' என்றீர்கள்."

மென்பொருள் துணைநிரலின் பக்கம் திரும்பியது. "நீதானே கணக்குப் போட்டாய்?"

"கணக்கில் ஒரு தப்பும் இல்லை அண்ணாச்சி. வேண்டுமானால் திரும்பப் போட்டுக் காட்டட்டுமா?"

வடிவு தேடிப் பார்த்தாள். சங்கரன்கோவிலுக்கென்று கோப்பு கிடைக்கவில்லை, மதுரையுடையது கிடைத்தது. அவர் பனியனோடு, தோளில் ஈரத்துண்டோடு வந்தார். பெட்டியைத் திறந்ததும் வகுப்பறை சிவந்தது. கண்ணாடி ஓரத்துச் சின்ன நாற்காலிகள் தணல் போலத் தெரிந்தன.

மென்பொருள் துணைநிரலின் காதருகே குனிந்தது. "முதலில் வந்தவர் நல்ல மனுஷர். அவரையே வைத்துக்கொண்டால் என்ன?"

வடிவு தாளாளரைக் கூப்பிட்டாள். "வேற ஊர் வெயிலப் போட்டுட்டேன் சார். நம்ம வெயிலுக்குப் பிள்ளைங்க வெந்துரும். மேற்க சுவர்தான் வரணும். கண்ணாடிய வடக்க வச்சிக்கலாம்."

"வடக்க யாரு பாக்கப் போறா? முள்ளுக்காடுல்லா கெடக்கு!" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏன் மேடம், மொத சொன்ன கம்ப்யூட்டர் நல்லாத்தான சொல்லிச்சு? அதையே வச்சிக்கிடுவோமே."

"வச்சிக்கிடலாம் சார். அப்ப அந்த ரூம உங்க ஆபீஸா போட்டுரட்டுமா?"

"எனக்கா? எனக்குப் பிரஷர் இருக்கு மேடம்." மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, சுவரையே எழுப்புங்க."

மென்பொருள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கண்ணாடியை அழித்துச் சுவரை வரைந்தது. கம்பளிக் கோட்டுக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கழுத்துப் பொத்தானை மட்டும் கழற்றியிருந்தார்.

'இந்தக் கோப்பை நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று கணினி கேட்டது.

வடிவு அந்தக் கேள்வியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகுதான் அழுத்தினாள்.