பல்லி சொன்னால் ஏன் தட்டுகிறோம்?

அந்தக் காலத்தில் பல்லிக்கு நன்றாகப் பேச வரும். மற்ற பிராணிகளும் பேசின. ஆனால் அவை பசித்தால் பேசும், சண்டை வந்தால் பேசும், அவ்வளவுதான். பல்லி அப்படியில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லும். கேட்காவிட்டாலும் சொல்லும்.

அப்போது நொய்யல் ஆற்றங்கரையில் நஞ்சப்பன் என்று ஒருவன் இருந்தான். வெல்லம் காய்ச்சுவது அவன் தொழில். கரும்பு ஆலை ஆடும் நான்கு மாதமும் கொப்பரையை விட்டு நகர மாட்டான். மீதி எட்டு மாதம் அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மனிதன் படுத்துத் தூங்கியிருந்தால் அவன் மனைவி அருக்காணி நிம்மதியாக இருந்திருப்பாள். நஞ்சப்பனோ ஒரு நாள் சந்தைக்குப் போய் ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், இரண்டு உளி, ஒரு இழைப்புளி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"இதெல்லாம் யாருக்குங்க?" என்று கேட்டாள் அருக்காணி.

"எனக்குத்தான் புள்ள. இனி நம்ம வீட்டுக்கு வேண்டிய சாமானை எல்லாம் நானே செஞ்சுக்கப் போறேன்."

முதலில் அவன் செய்தது கோழிக்கூண்டு. கொல்லையில் உட்கார்ந்து மூன்று நாள் முக்கி முனகிச் செய்தான். கடைசிப் பலகையை அடித்து முடித்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தபோதுதான், கூண்டுக்குக் கதவு வைக்கவில்லை என்பதும், தான் அதற்குள்ளே இருப்பதும் தெரிந்தது. கோழிகள் எல்லாம் வெளியே நின்று பார்த்தன.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. நீங்களே இருந்துக்கங்க. நாங்க எப்பவும் போல முருங்கை மரத்துலயே அடைஞ்சுக்கறோம்" என்றது மூத்த கோழி.

அடுத்து ஒரு முக்காலி. ஒரு கால் நீளமாக இருக்கிறது என்று அதை அறுத்தான். இப்போது மற்ற இரண்டும் நீளமாகத் தெரிந்தன. அவற்றையும் அறுத்தான். சாயங்காலம் வரை அறுத்து அறுத்து, கடைசியில் அது மணைப்பலகை ஆகிவிட்டது. அருக்காணி அதை எடுத்துப் போய்ப் போட்டு உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்தாள்.

ஆட்டுக்கு ஒரு கொட்டகை போட்டான். ஆடு தும்மியது. கொட்டகை படுத்துக்கொண்டது.

ஊரில் யாரும் அவன் கொல்லைப் பக்கம் வருவதில்லை. வந்தால் உட்காரச் சொல்லுவான் என்கிற பயம். அவன் வேலை செய்யும்போது கூடவே இருந்தது ஒரே ஒரு பல்லிதான். கொல்லைச் சுவரில் அதன் குடும்பம் இருந்தது. பல்லி பிறந்ததிலிருந்தே மரச்சட்டத்திலும் பலகை இடுக்கிலும் வயிற்றை ஒட்டிக்கொண்டு வாழ்கிற பிராணி. ஒரு மரம் காய்ந்ததா பச்சையா, உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா, பொருத்தியது இறுகியிருக்கிறதா, எல்லாம் அதன் வயிற்றுக்குத் தெரிந்துவிடும்.

நஞ்சப்பனுக்கு அந்தப் பல்லியை மிகவும் பிடித்திருந்தது. தன் வேலையை ஒரு ஜீவனாவது பக்கத்திலிருந்து பார்க்கிறதே! ஆனால் எதையாவது செய்து முடித்து, "எப்படி இருக்கு தம்பி?" என்று அவன் கேட்கும்போதுதான் வம்பு வரும்.

"இடது கால் ஆடுதுங்க அண்ணா."

"அது கொஞ்சமாத்தான்."

"வலது காலும் ஆடுதுங்க."

"மேல் பலகை?"

"அதைக் கொஞ்ச நேரத்துல கீழ் பலகைன்னு சொல்ல வேண்டியிருக்கும் அண்ணா."

இப்படி இருக்கையில் ஆனி மாதக் கடைசியில் ஒரு சேதி வந்தது. அருக்காணியின் தாய் வீராத்தா, ஆடி மாதம் முழுவதும் மகள் வீட்டில் தங்க வருகிறாள். வீராத்தா நல்ல ஆகிருதி. அவள் வண்டியில் ஏறினால் மாடுகள் திரும்பிப் பார்க்கும். மருமகனை ஒரு நாளும் திட்டியதில்லை, ஒரு நாளும் பாராட்டியதும் இல்லை. நஞ்சப்பனுக்கு இரண்டாவதுதான் பெரிய குறை.

"அம்மாவுக்கு முட்டிவலி. பாயில படுத்தா எந்திரிக்க முடியாது. ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு கட்டில் வாங்கியாங்க" என்றாள் அருக்காணி.

"ஆசாரி எதுக்கு? நான் செய்யறேன்."

அருக்காணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செய்யுங்க. ஆனா ஒண்ணு. எங்கம்மா அதுலேருந்து விழுந்தா, உங்க ரம்பம் சுத்தியல் எல்லாம் வெல்ல அடுப்புக்குள்ள போயிரும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"சரி" என்றான் நஞ்சப்பன்.

கிணற்றடியில் ஒரு பூவரசு இருந்தது. அதில் ஒரு கிளையைத்தான் முதலில் அறுத்தான். அரை நாள் அறுத்தும் ரம்பம் கால்வாசிதான் போனது, பிறகு அதுவும் சிக்கிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து ஆனிக் காற்றில் கோழிகள் அடையும் முருங்கை மரம் வேரோடு சாய்ந்தது. நஞ்சப்பன் சும்மா ரம்பத்தை வைத்துப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா தம்பி? எனக்குக் கை படிஞ்சிருச்சு!"

"கை படியலைங்க அண்ணா. மரம் முருங்கை" என்றது பல்லி.

அவன் காதில் வாங்கவில்லை. கட்டிலுக்கு வேண்டிய வேப்பஞ்சட்டம் நாலும் வீட்டிலேயே பழையது கிடந்தது. அதற்கு முருங்கையில் நான்கு கால் செய்தான். காவிக்கல்லை எண்ணெயில் குழைத்துக் கால்களுக்குப் பூசினான். கயிறு பின்னினான். தள்ளி நின்று பார்த்தபோது அது உண்மையிலேயே ஒரு கட்டிலைப் போலவே இருந்தது. அவன் செய்ததில் எதுவும் இதுவரை எதையும் போல இருந்ததில்லை.

"எப்படி இருக்கு?"

பல்லி நான்கு கால்களிலும் ஏறி இறங்கியது. "பாக்கறதுக்கு அழகா இருக்குதுங்க. ஆனா பாக்கறதுக்கு மட்டும்தான். ஆத்தா உக்காந்தா தாங்கும். படுத்தாலும் தாங்கும். திரும்பிப் படுத்தா முறிஞ்சுரும்."

நஞ்சப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழு நாள் உழைப்பு. நாளைக்கு மாமியார் வருகிறாள். இந்தப் பல்லி போய் அவள் எதிரில் இதையே சொல்லிவிட்டால்?

"இங்க பாரு. நாளைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. நாளைக்கு மட்டும் இல்லை, இனி என் வேலையைப் பத்தி எப்பவும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சொல்லாம இருந்தா எனக்கு வயிறு வெடிச்சுருங்க அண்ணா!"

"பண்றியா, இல்லை உன் குடும்பத்தோட சுவரைக் காலி பண்றியா?"

"சரிங்க. என் வால் மேல சத்தியமா…"

"வாலா? அது போனா உனக்கு மறுபடி முளைச்சுக்கும். என்கிட்டயே ஏமாத்தறியா? உன் வம்சத்து மேல பண்ணு."

பல்லி சுவரிலிருந்த தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "ஒரு சத்தமாவது குடுத்துக்கறேனுங்க. 'ச்சு'ன்னு. வேற யாருக்கும் புரியாது. ஆனா அதைக் கேட்டா நீங்க ஒரு தடவை மரத்தைத் தட்டிப் பாக்கணும்" என்றது.

"பாக்கறேன்."

"நிச்சயமா?"

"அட, பாக்கறேங்கறேன் இல்ல?"

"அப்படின்னா, நானும் என் வம்சமும் இனி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டோம். இது சத்தியம்" என்றது பல்லி. அந்தக் காலத்தில் வம்சத்தின் மேல் செய்த சத்தியம் வெறும் பேச்சாக நிற்பதில்லை. சொன்ன அந்த நிமிஷமே பலித்துவிடும். கொல்லைச் சுவரில் தாய்ப்பல்லியிடம் ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்த குஞ்சுகளுக்குக் கதை பாதியில் நின்றது. நஞ்சப்பன் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் வீராத்தா வந்தாள். வாழை இலை நிறையச் சாப்பிட்டாள். மோர் குடித்தாள். "கொஞ்சம் சாயலாமா?" என்று கேட்டாள்.

"வாங்க அத்தை. உங்களுக்குன்னே நானே என் கையால செஞ்சது" என்று நஞ்சப்பன் உள்ளே கூட்டிப் போனான்.

வீராத்தா கட்டிலை நெருங்கினாள். மேலே சுவரிலிருந்து, "ச்சு!"

நஞ்சப்பன் கூரையைப் பார்த்தான்.

"ச்சு! ச்சு! ச்சு!"

"ஏனுங்க மாப்பிள்ளை, இந்தப் பல்லி என்னமோ சொல்லுதுங்களே?"

மரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால் போதும். முருங்கை பொத்தென்று சத்தம் கொடுத்திருக்கும், எல்லோரும் சிரித்துவிட்டுப் பாயை விரித்திருப்பார்கள். நஞ்சப்பனின் கைகூட ஒரு கணம் எழுந்தது. ஆனால் அவன் அதை இறக்கிக்கொண்டு சொன்னான்: "ஒண்ணுமில்லைங்க அத்தை. நீங்க வந்த சந்தோஷத்துல முத்தம் குடுக்குது."

வீராத்தாவுக்கு அது பிடித்திருந்தது. புன்னகையோடு உட்கார்ந்தாள். கட்டில் தாங்கியது. படுத்தாள். கட்டில் தாங்கியது. நஞ்சப்பன் பல்லியை ஒரு பார்வை பார்த்தான். பல்லி கண்ணை மூடிக்கொண்டது.

வீராத்தா திரும்பிப் படுத்தாள்.

முதலில் தலைமாட்டில் ஒரு கால் போனது. அது போனதைப் பார்த்து மற்ற மூன்றும் போயின. கட்டில் வீராத்தாவைச் சுமந்துகொண்டு வழவழப்பான சாணித் தரையில் சறுக்கி, நடையைக் கடந்து, சமையலறையில் போய் நெல் குதிரில் இடித்து நின்றது. அடுப்பருகே நின்ற அருக்காணி, தன் தாய் படுத்த வாக்கில் வந்து சேர்ந்ததைக் கரண்டியும் கையுமாகப் பார்த்தாள்.

வீராத்தாவுக்கு அடி ஒன்றுமில்லை. கூடவே வந்த ஒரு கட்டில்காலை எடுத்தாள். நகத்தால் காவியைச் சுரண்டினாள். முகர்ந்தாள்.

"முருங்கை" என்றாள். "குழம்புல போடற மரத்துலயா மாப்பிள்ளை என்னைப் படுக்க வெச்சீங்க?"

அருக்காணி கரண்டியைக் கீழே வைத்தாள். கொல்லைக்குப் போனாள். ரம்பத்தை எடுத்தாள், சுத்தியலை எடுத்தாள், உளி இரண்டையும் இழைப்புளியையும் மடியில் கட்டினாள். வெல்ல அடுப்பை நோக்கி நடந்தாள். நஞ்சப்பன் தடுக்கவில்லை. பேசியது பேசியதுதான்.

"நில்லு அருக்காணி" என்றாள் வீராத்தா. "அந்தப் பல்லி முன்னாடியே என்னமோ சொல்லுச்சு. அதை முதல்ல கேப்போம்." கட்டிலின் பின்னாலேயே ஓடி வந்து சமையலறைச் சுவரில் ஏறியிருந்த பல்லியைப் பார்த்து, "என்ன சாமி சொன்னே?" என்றாள்.

பல்லி வாயைத் திறந்தது. "ச்சு" என்றது.

"வாயைத் திறந்து சொல்லு."

"ச்சு."

அப்போதுதான் நஞ்சப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவரின் முன்னால் போய்க் கைகூப்பினான். "தம்பி, நான் சொன்னது தப்பு. சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்க. பேசு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. எல்லாக் காலும் ஆடுதுன்னு சொல்லு."

பல்லி பேசத்தான் பார்த்தது. தொண்டை ஏறி இறங்கியது. அதன் பெண்டாட்டியும் பதினேழு குஞ்சுகளும் கொல்லைச் சுவரிலிருந்து சன்னல் வழியாக வந்து வரிசையாக நின்று வாயைத் திறந்தன. எல்லாம் சேர்ந்து, "ச்சு" என்றன.

நஞ்சப்பன் உடைந்த கட்டில் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கோழிக்கூண்டுக்குள் மாட்டிக்கொண்டபோதுகூட அவன் இவ்வளவு வெட்கப்படவில்லை. இருந்தது ஒரே ஒரு கூட்டாளி. அதன் வாயை அடைத்தாயிற்று.

வீராத்தா மெல்ல நெல் குதிரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ரம்பமும் சுத்தியலும் என்ன பாவம் பண்ணுச்சு அருக்காணி? காதுதான் கேக்கலை. காதை அடுப்புல போட முடியுமா? அதைக் கொண்டு போய் இருந்த எடத்துலயே வை" என்றாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். "அது அதோட வாக்கைக் காப்பாத்துச்சு. நீங்களும் ஒரு வாக்குக் குடுத்தீங்கல்ல? தட்டிப் பாக்கறேன்னு? இனியாவது தட்டுங்க. பூவரசுலயே செய்யுங்க. அதுவரைக்கும் நான் பாயிலயே படுத்துக்கறேன். எந்திரிக்கத்தான் ரெண்டு பேரு வேணும்."

இருபத்திரண்டு நாள் ஆனது. பூவரசோடு மல்லுக்கட்டி நஞ்சப்பன் கையெல்லாம் காய்ப்பு. "ச்சு" என்று கேட்டதும் ரம்பத்தைக் கீழே வைப்பான். விரலை மடக்கி மரத்தைத் தட்டுவான், காதை வைத்துக் கேட்பான். ஒரு இடத்தில் உள்ளே பொந்து. ஒரு இடத்தில் துளை பெரிதாகிவிட்டது. கழற்றுவான், மறுபடி பொருத்துவான். கொல்லையில் நாள் முழுவதும் ச்சு ச்சு, டொக் டொக்.

இருபத்திரண்டாம் நாள் பிற்பகலில் கடைசிக் காலையும் பொருத்திக் கயிறு பின்னிவிட்டு அவன் காத்திருந்தான். சத்தம் ஒன்றும் வரவில்லை. தூங்கிவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தான். பல்லி தூங்கவில்லை. கட்டிலின் நான்கு கால்களையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சுவரில் விழித்துக்கொண்டுதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தது.

நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீராத்தா வந்து படுத்தாள். வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், மறுபடி வலப்பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றாள். அடுத்த நிமிஷம் குறட்டை வந்தது. ஆடி முடிந்ததும் போக வேண்டியவள், கட்டில் சுகத்தில் ஆவணியும் இருந்தாள், புரட்டாசியும் இருந்தாள். தை பிறந்தபோது அருக்காணி கணவனிடம் இரகசியமாக, "இவ்வளவு நல்லாச் செஞ்சிருக்க வேண்டாமுங்க" என்றாள்.

வீராத்தா அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், பல்லி ச்சு என்றால் பக்கத்திலிருக்கும் பலகையை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னாள். கேட்டவர்களும் தட்டத் தொடங்கினார்கள். அன்று முதல்தான் பல்லி பேச்சை விட்டு "ச்சு" என்று மட்டும் சொல்கிறது. அதைக் கேட்டதும் நாமும் கைக்கு எட்டியதை டொக் டொக் என்று தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று தெரியாமல், ஆடுகிற நாற்காலியிலேயே தைரியமாக உட்கார்ந்துகொள்கிறோம்.