அறுந்து போகாத செயின்

"அறுந்தே போகாத செயின் எது பாப்பா? அதைக் குடு."

வண்டியை ஸ்டாண்டில்கூடப் போடவில்லை. அதற்குள் சடையப்பன் கேட்டுவிட்டார்.

ரெஜினா தலையைத் தூக்காமல் சுவரைக் காட்டினாள். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் தூசி அடைந்த செயின் ஒன்று தொங்கியது.

"எட்டு வருசம் ஆச்சுங்ணா. ஒரு கண்ணிகூட விடலை."

சடையப்பன் கிட்டப் போய்ப் பார்த்தார். "அடேயப்பா. எந்த வண்டியில ஓடுச்சு?"

"எதுலயும் ஓடலை. தொங்கிட்டே இருக்கு."

பின்சீட்டில் இருந்த வெள்ளையம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

மலைக்கு ஏறுகிற ரோடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ரெஜினாவின் பைக் பட்டறை. அவளுக்கு முப்பத்தி நாலு வயசு. மேலே நாற்பத்திரண்டு வளைவு. அதில் ஏறி இறங்குகிற வண்டிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். வேலை சுத்தம் என்பார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் வராது என்றும் சொல்வார்கள்.

சடையப்பன் வந்தது அன்றுதான் முதல் தடவை. ஐம்பத்தைந்து வயசு. மலைக்கு மேலே மிளகும் அன்னாசியும் வைத்திருப்பவர்.

"விளையாட்டு வேண்டாம் பாப்பா. போன செவ்வாக்கிழமை முப்பத்தொன்னாவது வளைவுல அறுந்துச்சு. ஏத்தத்துல. வண்டி பின்னாலயே உருளுது. பிரேக்கை மிதிச்சேன், நிக்கலை. இன்னும் மிதிச்சேன். பின்னாடி இவ உக்காந்திருக்கா. இவளுக்குப் பின்னாடி ஒன்னுமே இல்லை. வெறும் பள்ளம்."

"மைல்கல்லு இருந்துச்சு" என்றாள் வெள்ளையம்மா. "டயரு அதுல முட்டி நின்னுச்சு. அந்தக் கல்லுக்கு ஒரு கும்பிடு போடுய்யான்னேன். போடலை."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். உயிரோட சும்மா இருக்கேன்."

ரெஜினா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் காலைப் பார்த்தாள். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது.

"டயாலிசிஸாக்கா?"

"செவ்வாயும் வெள்ளியும். பதினோரு மணிக்கு மெஷின்ல ஏத்திருவாங்க. அஞ்சு நிமிசம் தப்புனா வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க."

அன்று வெள்ளி. மணி எட்டே முக்கால். ஆசுபத்திரி இன்னும் ஒரு மணி நேர ஓட்டம்.

"அக்காவை ஒம்பதரை பஸ்ஸுல அனுப்பிடுங்க. வண்டியை மெதுவாப் பாக்கலாம்."

"அனுப்பலாம்" என்றார் சடையப்பன். "திரும்ப எப்படி ஏத்துவேன்? மெஷின்ல இருந்து எறங்கி வெளிய வர நாலு ஆயிடுது. மலைக்குக் கடைசி பஸ் மூணரை. சாயங்காலம் அதே முப்பத்தொன்னாவது வளைவுல இவளை வச்சுக்கிட்டு ஏறியாகணும். அதுக்குத்தான் கேக்கறேன். அறுந்து போகாத செயின் எது?"

ரெஜினா கிட்டே வந்தாள். வண்டியை வாங்கி ஸ்டாண்டில் போட்டாள். அதில் கிடந்தது ஊர்க்காரர் ஒருத்தர் கழற்றிக் கொடுத்த பழைய செயின். கீழே இறங்கி வருவதற்காக மாட்டியது.

பின் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். காதைக் கிட்டே வைத்தாள்.

கடக். கடக். கடக்.

"ஒன்னரை வருசத்துல மூணு செயின் மாத்திட்டேன். ஒன்னைவிட ஒன்னு ஒசத்தி. மூணும் போச்சு. அதான் இந்தத் தடவை டவுனுக்கு ஆள் விட்டு இதை வாங்கியாந்தேன்."

பையில் இருந்து எடுத்தார். தங்க நிறத்தில் தடித்த செயின். வெயிலில் மின்னியது.

"ரேஸ் வண்டிக்குப் போடறதாம். யானையைக் கட்டி இழுத்தாலும் தாங்குமாம்."

ரெஜினா அதை வாங்கி, பின்னால் இருந்த பல்சக்கரத்தின் மேல் வைத்தாள். கண்ணி பல்லுக்குள் இறங்கவில்லை. மேலேயே நின்றது.

"யானை எங்கீங்ணா?"

"என்ன?"

"யானைக்கு எடுத்த சட்டை. ஆட்டுக்குப் போடச் சொல்றீங்க."

அதைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். சடையப்பனுக்கு முகம் கறுத்தது. பட்டறையில் நின்ற இன்னொரு வண்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

மணி எட்டு ஐம்பத்தைந்து.

ரெஜினா பின் பல்சக்கரத்தைக் கழற்றி எடுத்தாள். துணியால் துடைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பல்லைத் தடவிப் பாருங்க."

தடவினார். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொக்கி மாதிரி வளைந்து, நுனி ஊசியாக இருந்தது.

"இது எத்தனை வருசம்?"

"வண்டி வாங்குனதுல இருந்து இதுதான்."

"மூணு செயின் மாத்துனீங்க. இதை ஏன் மாத்தலை?"

"இது அறுந்து போகலையே?"

ரெஜினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடையப்பன் மறுபடி அந்தக் கொக்கியைத் தடவினார். விரலில் கீறல் விழுந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"சரி பாப்பா. எல்லாத்தையும் மாத்து. முன்னாடி பல்சக்கரம், பின்னாடி பல்சக்கரம், செயினு, எல்லாம். ஆனா இருக்கறதுலயே கெட்டியானது."

அலமாரியில் இருந்து இரண்டு பெட்டி இறக்கினாள். ஒன்றில் வாயைப் பிளந்த சிங்கப் படம். இன்னொன்று வெறும் பழுப்புப் பெட்டி.

"சிங்கம்" என்றார் சடையப்பன்.

"சிங்கம் பெட்டி மேல தானுங்க இருக்கு."

இரண்டையும் பிரித்தாள். ஒரு அரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சிங்கப் பெட்டியின் பல்சக்கரத்தை நீட்டினாள்.

"பல்லு மேல ஒரு இழுப்பு இழுங்க."

இழுத்தார். க்ர்ர் என்று கடித்தது. வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"இப்ப இதை."

பழுப்புப் பெட்டியின் சக்கரத்தில் இழுத்தார். சர்ர் என்று வழுக்கிப் போனது. திரும்ப அழுத்தி இழுத்தார். திரும்பவும் வழுக்கியது. கோடுகூட விழவில்லை.

 அரத்தைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீங்க வாங்க."

வெள்ளையம்மா சீட்டைப் பிடித்து நின்றபடியே கை நீட்டினாள். ரெஜினா ஒரு செயினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அதன் ஒரு முனையை மட்டும் அவள் கையில் பிடிக்கக் கொடுத்தாள். அது சிங்கத்தின் செயின். வாடின கீரைத்தண்டு மாதிரி வளைந்து தொங்கியது. அடுத்ததைக் கொடுத்தாள். அது நீட்டின கை மாதிரி கொஞ்ச தூரம் நின்று, பிறகுதான் மெல்லச் சாய்ந்தது.

"இதுதான்" என்றாள் வெள்ளையம்மா.

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?" என்றார் புருசன்.

"தொங்கிப் போன ஆளை மெஷின் ரூம்புல வாரம் ரெண்டு தடவை பாக்கறேன்ல."



ரெஜினா மாட்ட ஆரம்பித்தாள். அவள் கை வேகம் பார்க்க வேண்டும். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின், அதன் பூட்டு. எண்ணெய் போட்டாள். சுற்றிவிட்டாள். இந்தத் தடவை கடக் இல்லை. சன்னமாக ஒரு சத்தம், தூரத்தில் மாவு சலிக்கிற மாதிரி.

மணி ஒன்பது இருபது.

"முடிஞ்சுதுங்ணா. ஏறுங்க."

சடையப்பன் ஏறவில்லை. குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். மேலேயும் கீழேயும் ஒரு அங்குலம் ஆடியது.

"என்ன பாப்பா, லூசா விட்டிருக்கே?"

"அவ்வளவு இருக்கணும்."

"தொளதொளங்குது! இதுலயா இவளை ஏத்திட்டுப் போகச் சொல்ற?"

"இருக்கணும்னேன்."

"ஸ்பேனரைக் குடு."

"அண்ணா..."

"குடும்மா! உனக்கென்ன, மாட்டி விட்டுட்டு நீ இங்க உக்காந்திருப்ப. அந்த வளைவுல நிக்கப் போறது நான். ஒவ்வொரு தடவையும் இவளை ஏத்தறதுக்கு முன்னாடி நான்தான் டைட் வைப்பேன். என் கையாலதான் வைப்பேன். அதுலயும் ஒரு ஆட்டம்கூட இருக்க விடமாட்டேன்."

துணியில் கை துடைத்துக்கொண்டிருந்த ரெஜினா நிமிர்ந்தாள்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"தனியாப் போறப்ப?"

"தனியாப் போறப்ப எதுக்கு? இவ வர்றப்பதான்."

ரெஜினா ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வைங்க."

அவர் உட்கார்ந்து முறுக்கினார். நெற்றியில் வேர்வை. செயினைத் தொட்டார், முறுக்கினார். தொட்டார், முறுக்கினார். கடைசியில் விரலால் சுண்டினார். டங் என்றது.

"இது செயினு" என்றார்.

அடிவாரத்து நிறுத்தத்தில் ஒன்பதரை பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. சடையப்பன் திரும்பிப் பார்த்தார். ரெஜினா பார்க்கவில்லை. வெள்ளையம்மா பஸ்ஸைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், இடத்தை விட்டு அசையவில்லை.

பஸ் போய்விட்டது.

இனி இந்த வண்டிதான்.

ரெஜினா ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க அங்கயே உக்காந்து செயின் மேல விரலை வைங்க. எடுக்காதீங்க. அக்கா, நீங்க ஏறுங்க."

வெள்ளையம்மா மெல்ல ஏறி உட்கார்ந்தாள். வண்டி பின்பக்கம் இறங்கியது.

சடையப்பனின் விரலுக்குக் கீழே செயின் இறுகியது.

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குங்கக்கா."

இறங்கினாள். செயின் கொஞ்சம் விட்டது.

"ஏறுங்க."

ஏறினாள். இறுகியது.

"என்ன பொண்ணே, எனக்கு எக்சசைஸா?" என்றாள் வெள்ளையம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்படியே உக்காந்துக்கறேன். இனி எறங்கச் சொல்லாத."

"உக்காந்துக்குங்க. அண்ணா, இப்ப நானும் அமுக்கறேன். உங்க எடைக்குப் பதிலா."

ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்தபடி மறு கையைச் சீட்டின் முன்பக்கம் ஊன்றி, தன் பாரத்தை எல்லாம் அதன் மேல் போட்டாள்.

செயின் இரும்புக் கம்பி ஆனது. சடையப்பன் விரலால் அமுக்கினார். அசையவில்லை. கட்டை விரலால் அமுக்கினார். அசையவில்லை. உள்ளே எங்கேயோ கிர்க் என்று ஒரு முனகல் கேட்டது. கண்ணி பல்லை இழுக்கிறதா, பல் கண்ணியை இழுக்கிறதா தெரியவில்லை.

வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஏற்றம் இல்லை. வளைவு இல்லை.

சடையப்பன் விரலை எடுக்கவில்லை.

"மூணு செயினும் இப்படித்தான்..." என்றார்.



"அன்னைக்கும் வச்சேன்" என்றார். "ஆசுபத்திரி வாசல்ல. இவ வெளிய வர்றதுக்குள்ள. நல்லா வச்சேன்."

  வெள்ளையம்மா குனிந்து அவர் தலையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் இருந்த கேலி அவள் முகத்தில் இல்லை.

"நீ பயந்தது எனக்குத் தெரியும்யா" என்றாள். "வண்டிக்குத் தெரியாதுல்ல."

ரோட்டில் ஒரு லாரி முனகிக்கொண்டு மலை ஏறியது. அதன் சத்தம் முதல் வளைவில் திரும்பி மறைந்தது.

மணி ஒன்பது நாற்பது.

சடையப்பன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை நட்டில் மாட்டினார். திருப்பவில்லை.

"எறங்கிக்க வெள்ளை. லூசு பண்ணணும்."

"எறங்க மாட்டேன்."

"ஏய், எறங்கு. விழுந்துரப் போற."

வெள்ளையம்மா சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்த கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உக்காந்திருக்கறப்பவே பண்ணு."