நிற்காத முள்

"முள்ளு நிக்க மாட்டேங்குது" என்றார் சென்னியப்பன்.

வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. கொட்டகைக்குள் கால் வைத்ததும் முதல் வார்த்தையே அதுதான்.

வளர்மதி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோயமுத்தூர் கணபதியில் வரிசையாக இருக்கும் லேத் பட்டறைகளுக்கு நடுவே அவளுடைய தகரக் கொட்டகை. கார்களின் இன்ஜெக்டரையும் பெட்ரோல் பம்ப்பையும் டெஸ்ட் செய்து கொடுப்பாள். ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும்கூட மெக்கானிக்குகள் வந்து அவளிடம் சந்தேகம் கேட்டுப் போவார்கள். வயது முப்பத்து நாலு. சென்னியப்பன் ஸ்பானர் பிடிக்க ஆரம்பித்தபோது அவள் பிறக்கவே இல்லை.

அதுவே அவருக்குப் பாதி எரிச்சல். போயும் போயும் இந்தப் பொண்ணிடம் வந்து நிற்கும்படி ஆகிவிட்டதே என்று வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்திருந்தார்.

"எந்த முள்ளுங்ணா?"

"பெட்ரோல் பிரஷர் முள்ளு. வாசல்ல நிக்குது பாரு, மஞ்சக் காரு. ஏறி உக்காரு, காட்டறேன்."

"வண்டி அப்பறம். மொதல்ல நீங்க சொல்லுங்க."

அவள் வழக்கம் அது. வந்தவர் வாயால் சொல்லி முடிக்கும்வரை எந்த வண்டியையும் எட்டிப் பார்க்க மாட்டாள். கோயமுத்தூரில் கார் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். சென்னியப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வரக் காரணம் என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

வண்டி ஒரு பல் டாக்டருடையது. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். சூப்பர்சார்ஜர் வைத்தது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான் அது. காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும், எஞ்சின் மொத்தமும் பாழ்.

"மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல. பத்து நிமிசம் ஓட்டிட்டு மிதிச்சா ஆரம்பிக்குது. அறுவதுக்கு ஏறி நிக்கோணும். நிக்கறதில்ல. அம்பதுங்குது, நாப்பதுங்குது, மறுபடி ஏறுது, மறுபடி எறங்குது. பட்டறைக்குக் கொண்டாந்து நிறுத்திப் பாத்தா ஒழுங்கா இருக்குது. என்னைய வெச்சு வேடிக்கை காட்டுது அம்மிணி!"

"எப்ப வேணும் வண்டி?"

"ஞாயித்துக்கிழமை டாக்டரு டிராக்ல எறக்கறாரு. இன்னிக்கு வெள்ளி."

"என்னென்ன மாத்துனீங்க?"

"என்ன மாத்தல? பம்ப்பு புதுசு. அதுவும் சரியில்லைன்னு கழட்டி எறிஞ்சுட்டு இன்னொண்ணு புதுசு. ஃபில்டரு புதுசு. ரெகுலேட்டரு புதுசு. ஒயரு பூராப் புதுசு."

"பெட்ரோல் மூடியத் தெற—"

"மூடியும் புதுசுதான்! நான் என்ன நேத்து வந்தவனா?"

வளர்மதி நிறுத்திக்கொண்டாள். வேறு பக்கமாகக் கேட்டாள்.

"உங்க கூட யாரு வேலை பாக்கறாங்க?"

சென்னியப்பன் கைக்கடிகாரத்தைத் திருகினார். அவர் பதில் சொல்லத் தாமதித்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"சகாயராஜுன்னு ஒருத்தன். ஒயரிங் எல்லாம் அவன்தான். கோளாறும் அவன்தான். ஒரு வார்த்தை சொன்னா ரோசம் பொத்துக்கிட்டு வந்துருது. எந்திரிச்சுப் போயிட்டான்."

நடந்தது அது இல்லை.

நடந்தது என்னவென்றால், பிரஷர் மீட்டரை நீளமான குழாயில் கோத்து, கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, மூன்று நாளாக இரண்டு பேரும் சத்தி ரோட்டில் மேலும் கீழும் போனார்கள். சென்னியப்பன் ஓட்டுவார். பக்கத்தில் சகாயராஜ் உட்கார்ந்து எண்ணைப் படிப்பான்.

"அறுவது. அறுவது. அம்பத்தி ரெண்டு."

"ஏண்டா?"

"நாப்பத்தி நாலு."

"ஏண்டான்னு கேக்கறேன்!"

முள்ளைத் திட்டினால் முள்ளுக்கு உறைக்காது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு உறைக்கும். அதனால் அவனைத் திட்டினார். போகும்போது திட்டினார், திரும்பும்போது திட்டினார். டீக்கடையில் நிறுத்தி, டீ ஆறும்வரை திட்டினார். அவன் கண்ணு சரியில்லை என்றார், கை சரியில்லை என்றார், கடைசியில் அவன் சோத்துக்கு வந்த வேலையாள் என்றும் சொல்லிவிட்டார். புதன்கிழமை மத்தியானம், நாலு கஸ்டமர் பார்த்துக்கொண்டிருக்கக் கன்னத்தில் அறைந்தார். சகாயராஜ் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

நாற்பத்தைந்து வயது ஆள். இருபது வருடம் கூட இருந்தவன். பட்டறைக்குப் பெயர் வந்தது, போர்டு மாட்டியது, எல்லாவற்றிலும் பாதி அவன்.

டாக்டர் வண்டி போனால் இன்னொரு வண்டி வரும். சகாயராஜ் போனால் யார் வருவார்? இரண்டு நாளாகச் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முள் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு குருட்டு நம்பிக்கையில்தான் அவர் கணபதிக்கு வந்ததே. இதையெல்லாம் வளர்மதியிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் கௌரவம் என்னாவது?

"போறதுக்கு முன்னாடி அவரு என்ன சொ—"

"அவன் என்னத்தச் சொல்லுவான்! இருபது வருசமாக் கூட வெச்சு வேலை சொல்லிக் குடுத்தவன் நானு!"

"சரிங்ணா. பெட்ரோல் வாசம் ஏதா—"

"வாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல! டாக்டரு சம்சாரம் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குதுன்னு ரெண்டு வாரம் முன்னாடியே அதை நான் சரி பண்ணியாச்சு. நீ முள்ளுக்கு வழி சொல்லு!"

ஊர் மெக்கானிக்குகளுக்கெல்லாம் குரு என்றால் எந்நேரமும் புன்னகை பூத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? வளர்மதி கையிலிருந்த ஸ்பானரை மேஜையில் ஓங்கி அடித்தாள். மேஜை மேலிருந்த திருகாணிகள் எல்லாம் குதித்துக் கீழே உருண்டன.

எழுந்து போனாள். அலமாரிக்கு அடியிலிருந்து ஐந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றை இழுத்தாள். சீல் பிரிக்காத டின். அதன் மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. ஒரு ஓட்டை. கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல அந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. தாரை அறக் கூடாது. ஒரு சொட்டு வெளிய சிந்தக் கூடாது."

"எண்ணெய்க்கும் என்ற முள்ளுக்கும் என்ன—"

"ஊத்துங்க."

அந்தக் குரலுக்கு அவர் டின்னைத் தூக்கிவிட்டார்.

கொளக் என்று ஒரு வாய் வந்தது. நின்றது. சாய்த்தார். கொளக், கொளக். நின்றது. இன்னும் சாய்த்தார். சொட்டுச் சொட்டாக வந்தது. உலுக்கினார். குபுக்கென்று பாய்ந்து குவளைக்கு வெளியே, மேஜையில், அவர் சட்டையில், கைக்கடிகாரத்தில்.

சென்னியப்பன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டின்னை நங்கென்று வைத்தார்.

"ஏம்மா, என்னையக் கேணையன்னு நெனச்சியா? ஒத்த ஓட்டையப் போட்டுக் குடுத்துட்டு ஊத்துன்னா எவனால முடியும்? எதுத்தாப்பல இன்னொரு ஓட்டை போடோணும். காத்து உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய வரும்? பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது!"

கத்தியதோடு விடவில்லை. ஸ்க்ரூடிரைவரை அவள் கையிலிருந்து பிடுங்கினார். எதிர் மூலையில் வைத்துத் தானே ஒரு போடு போட்டார். டின்னைத் தூக்கிச் சாய்த்தார்.

எண்ணெய் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரே தாரை. கோட்டுக்கு வந்ததும் நிமிர்த்தினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தியா?" என்றார் வெற்றியோடு.

வளர்மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் வந்ததிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போதுதான் காதில் விழுந்தது.

டின்னைப் பார்த்தார். வாசலில் நின்ற மஞ்சள் காரைப் பார்த்தார்.

இரண்டு வாரம் முன்னால், காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பெட்ரோல் டேங்குக்குள் காற்று போவதற்கென்று விரல் தண்டிக்கு ஒரு குழாய் உண்டு. வாசம் அதிலிருந்துதான் வந்தது. எதனால் வருகிறது என்று பார்க்கப் பொறுமை இல்லை. "இவங்க மூக்குக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கோணுமா" என்று கத்திக்கொண்டே ஒரு போல்ட்டை எடுத்து அந்தக் குழாயின் வாயில் திணித்தார். கிளாம்ப் போட்டு இறுக்கினார். அன்றைக்கே மறந்தும் போனார்.

காற்று உள்ளே போக வழியில்லாத டேங்கிலிருந்து எத்தனை புது பம்ப் போட்டு உறிஞ்சினால் என்ன?

"நாந்தான் அடைச்சேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"ம்" என்றாள் வளர்மதி.

எண்ணெய்ச் சட்டையோடு போய்க் காருக்கடியில் படுத்தார். கிளாம்பைத் தளர்த்திப் போல்ட்டைப் பிடுங்கினார். உஸ்ஸென்று காற்று உள்ளே ஓடியது. எழுந்து வண்டியை எடுத்தார். கால் மணி நேரம் ஓட்டினார். சத்தி ரோட்டில் காலியான இடம் பார்த்து மிதித்தார். முள் அறுபதுக்கு ஏறியது. நின்றது. இன்னும் மிதித்தார். அறுபதுதான்.

"அறுவது" என்று அவரே சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. சந்தோஷம் வரவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதற்கும் கோபம்தான் வந்தது.

திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"முள்ளு நின்னுருச்சு அம்மிணி."

"சந்தோசம்."

அவர் போகவில்லை. அங்கேயே நின்றார். வளர்மதி கீழே உருண்ட திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"போறதுக்கு முன்னாடி சகாயராஜ் என்ன சொன்னாருங்ணா?"

இந்தத் தடவை கேள்வி முழுதாக வந்து சேர்ந்தது.

"அண்ணா, டேங்குக்குன்னு ஆரம்பிச்சான்."

"அப்பறம்?"

"அப்பறம் நான் அறைஞ்சுட்டேன்."

வளர்மதி கடைசித் திருகாணியை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"இங்க ஏன் நிக்கறீங்க?" என்றாள்.

சுங்கம் பக்கம் ஒரு சந்தில் சகாயராஜ் வீடு. மணி இரண்டு, நல்ல வெயில். கதவைத் திறந்தவன் அவரைப் பார்த்தும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லவும் இல்லை.

"டேங்குக் காத்துக் குழாய்" என்றார் சென்னியப்பன். "நாந்தான் அடைச்சு வெச்சுட்டேன்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"செவ்வாக்கிழமை இருந்து. மூடியத் தெறந்தப்ப உஸ்ஸுன்னுது. குனிஞ்சு பாத்தேன், போல்ட்டு இருந்துது."

சென்னியப்பனுக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது.

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏண்டா சொல்—"

வாய் தானாக நிற்கவில்லை. நாக்கைப் பல்லால் கடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. நன்றாகவே வலித்தது.

சகாயராஜ் அவரை உற்றுப் பார்த்தான். இந்த மனுஷன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு இருபது வருடத்தில் அவன் பார்த்ததில்லை.

"அது ஒண்ணு மட்டும் இல்லீங்ணா" என்றான். "இன்னும் இருக்குது. இருபது வருசத்துது இருக்குது."

சென்னியப்பன் அவனைத் தாண்டி உள்ளே போனார். நாற்காலி இருந்தது. தரையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.