வாசலில் படுத்த முள்ளம்பன்றி

மலையடிவாரக் காட்டில் ஒரு வளை. அதில் கிழட்டு முள்ளம்பன்றி சிலும்பனும் அவன் மனைவி செம்பியும் இருந்தார்கள். இரவில் கிழங்கு தோண்டுவார்கள், பகலில் தூங்குவார்கள். தூங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சிலும்பன் பகலில் இரண்டு தடவை சிறுநீர் கழிக்க எழுவான். வாசலில் படுத்திருக்கும் செம்பியின் காலை மிதித்துக்கொண்டு போவான், வரும்போதும் மிதிப்பான். பிறகு குறட்டை. சாயங்காலம் காடு முழுவதும் போய், "பொட்டுத் தூக்கமில்லை" என்று புலம்புவான்.

செம்பி புலம்பியதில்லை. ஆனால் முந்தாநாள் கிழங்கு தேடும்போது கண் செருகி, சிறுத்தையின் வாலை மிதித்துவிட்டாள். அதற்கு வயிறு நிரம்பியிருந்தது, பிழைத்தாள். தினமுமா அதற்கு வயிறு நிரம்பியிருக்கும்?

இருவரும் கரடி வைத்தியரிடம் போனார்கள்.

"பெரியவரே, எத்தனை நாளாகத் தூக்கமில்லை?"

"ஒரு மாதமாக, வைத்தியரே."

கரடி அவனுக்கு ஒரு வேரைக் கொடுத்தது. செம்பி முன்னால் வந்தாள். "எனக்கும்தான் தூக்கமில்லை."

"இவளுக்கா? படுத்தால் கட்டை மாதிரி கிடப்பாள்" என்றான் சிலும்பன்.

"குறட்டை விட்டுக்கொண்டே பார்த்தீர்களாக்கும்?"

கரடி சிரித்தது. "வயதானால் பெண்களுக்கு வீண் கவலை அதிகம், அம்மா. மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள்."

"சிறுத்தையிடமும் அதையே சொல்கிறேன்" என்று செம்பி திரும்பி நடந்தாள்.

விடிந்ததும் நேராக வளையின் உள்மூலைக்குப் போய்ப் படுத்தாள்.

"அது என் இடம். வாசலில் யார் படுப்பது?"

"இருப்பதே இரண்டு பேர். நானில்லை என்றால் யாரென்று யோசித்துப் பாருங்கள்."

"பெண்கள்தானே வாசலில் படுப்பது வழக்கம்?"

"குட்டிகளைக் காக்கத்தான் அந்த வழக்கம். நம் குட்டிகளுக்கே பேரன் பேத்தி வந்துவிட்டது." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிலும்பன் வேரை மென்று வாசலில் படுத்தான். சருகு சரசரத்தது, எழுந்து உட்கார்ந்தான். மரங்கொத்தி தலைக்கு மேலேயே தட்டியது. எருமைக் கூட்டம் போனதில் தரை அதிர்ந்தது. உடும்பு ஒன்று உள்ளே மூக்கை நீட்ட, முள்ளைச் சிலிர்த்து விரட்டினான். அதற்குப் பிறகு கண் மூடப் பயம். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வேறு. இந்தத் தடவை அது அவனுடையது இல்லை.

சாயங்காலம் செம்பி சோம்பல் முறித்து எழுந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ஒரே பகலில் செத்துவிட்டேன். நீ எத்தனை நாளாக இப்படி?"

"முதல் குட்டி பிறந்த நாளிலிருந்து."

சிலும்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இனி ஒரு பகல் நீ, ஒரு பகல் நான்" என்றான்.

"நாளைக்கும் நீங்கள்தான். எனக்குப் பாக்கி நிறைய இருக்கிறது."

இருவரும் கிழங்கு தேடக் கிளம்பினார்கள். பாதி வழியில் செம்பி சட்டென்று நின்றாள். மூங்கில் புதருக்குப் பின்னால் சிறுத்தை வாடை. அரைத்தூக்கத்தில் தள்ளாடி முன்னால் போன சிலும்பனை முள்ளால் ஒரு குத்துக் குத்தி, வேறு பாதையில் திருப்பிக் கூட்டிப் போனாள்.

முனகுகிறவருக்கு மருந்து தேடும் முன், முனகாதவர் எங்கே படுத்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள்.